இடது கதவு

கள்ளக்குறிச்சி
3 பிப்ரவரி 2025

விஜி,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை, மெசேஜ் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. நல்லவேளை, என் ஸ்டூடியோவில் தாளுக்குப் பஞ்சமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் அத்தா உங்கள் வீட்டுக்கு எதற்கு வந்தார் என்று உனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரருக்கும் தெரியும். அத்தா இரண்டு வயசுப் பிள்ளையாக இருந்தபோதே அவருடைய தகப்பனார், என் தாதா சுபைர், மவுத்தாகிவிட்டார். அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. கச்சிராயபாளையத்தில் ஒரு மிராசுதாரரிடம் பிரெஞ்சுக் கார் ஓட்டினார் என்று அத்தாவின் அம்மா சொல்லிப் போன ஒரு வரிதான் எங்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டியவர், தீபாவளிக்கு நீ கொண்டுவந்து தந்த நெகட்டிவில்தான் முதல் தடவையாகத் தன் தகப்பனைப் பார்த்தார்.

மலை பின்னால் தெரிய ஒரு கார். காருக்குள் ஸ்டியரிங் பிடித்தபடி யாரோ. முகம் வெயிலில் வெளுத்துப் போய், சன்னல் வழியாக ஒரு முழங்கை மட்டும் தெரிகிறது. காரின் பக்கத்தில் வெற்றுடம்பில் துண்டு போட்டு நிற்கும் ஒருவர், வேட்டியின் வெளிமடிப்பு இடப்பக்கம். எங்கள் ஆண்கள் அப்படித்தான் உடுத்துவார்கள், உங்கள் வீட்டில் வலப்பக்கம். மிராசு வீட்டுக் காரின் பக்கத்தில் நிற்கும் பாய், டிரைவராக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்? உள்ளே உட்கார்ந்து ஆசைக்கு ஸ்டியரிங் பிடிப்பவர் மிராசுதாரர் என்று நீயும்தானே சொன்னாய்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அத்தா இனிப்பு வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறி உங்கள் வீட்டுக்கு வந்தார். அந்தக் காரில் மிச்சம் இருப்பது உங்கள் கோழிக் கூண்டில் மாட்டியிருக்கும் ஒரு கதவுதான் என்று நீ சொல்லியிருந்தாய். அதைத் தொட்டுப் பார்த்து அழுதிருக்கிறார். எனக்குத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். அதற்கு உன் வீட்டுக்காரர் சுபாஷ் சொன்ன பதிலை உனக்கு எழுதத் தேவையில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். "மொதல்ல போட்டோ, இப்ப கதவு, அடுத்து இன்னா, நெலமா?"

அத்தா இதை என்னிடம் சொல்லவே இல்லை. உங்கள் தெருவிலிருந்து ஆதார் கார்டு லேமினேஷன் போட வந்த ஆள் சிரித்துக்கொண்டே சொன்னான். அத்தாவைக் கேட்டால் வெயில் ஜாஸ்தி, தலை வலிக்கிறது என்கிறார். பிப்ரவரி மாசத்தில் என்ன வெயில் விஜி?

பதில் போடு. போடாவிட்டாலும் எனக்கு விளங்கிவிடும்.

அத்தியா


கச்சிராயபாளையம்
8 பிப்ரவரி

அன்புள்ள அத்தியாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது கொல்லையில் கரும்பு வெட்டும் ஆட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தேன். படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். நீ எழுதியது எல்லாம் சரி. ஒன்றுகூட மறுக்க முடியாது. அன்றைக்கு நான் வாசற்படியில்தான் நின்றேன். அத்தா என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அதற்கு என்னை நீ எவ்வளவு திட்டினாலும் தகும்.

இவரைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நியாயம் பேசுவதாக நினைக்காதே. சித்தப்பா மகனோடு பாகத் தகராறில் ஆறு மாசமாக இவருக்குத் தூக்கம் இல்லை. யார் வாசலில் வந்து நின்றாலும் எதையோ கேட்க வந்ததாகத் தோன்றுகிறது. அந்த நேரம் பார்த்து வடக்கனந்தலில் யாரோ இவரிடம் போனைக் காட்டியிருக்கிறார்கள். வெளிநாட்டு ஆட்கள் நடத்தும் ஏதோ இணையப் பக்கத்தில் நம் வீட்டுப் போட்டோ, கீழே 'சுபைர் கார்' என்று பேர். எங்கள் தாத்தா வாங்கிய கார் எப்படி சுபைர் காராச்சு என்று இவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கு மறுநாள் அத்தா வந்து நிற்கிறார்.

இனி அந்த வீட்டோடு பேசக் கூடாது என்று இவர் என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

அந்தப் பேர் எதற்கு என்று எனக்கு விளங்கும்படி எழுது. இவரைப் பெற்ற அத்தை பெரியநாயகியும் கேட்கிறார்கள். கார் வாங்கிய தன் மாமனாரை அவர்கள் கிழவராகத்தான் பார்த்தது. படத்தில் நிற்கிறவர் யாரோ என்றுதான் இதுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

விஜயலட்சுமி


கள்ளக்குறிச்சி
13 பிப்ரவரி

விஜி,

அரிசிப் பானையா? கல்லூரியில் பரீட்சைத் தாளை ஒளித்தவள் நீ, இதிலும் தேறிவிடுவாய். கோபம் பாதி இறங்கிவிட்டது. பாதி இருக்கிறது.

பேர் விஷயம் இதுதான். அது அவிரோன் என்ற பிரெஞ்சுக் கார். விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் கம்பெனி இருபது சொச்சம் கார்களைச் செய்து வெள்ளோட்டம் பார்த்தது. அவை எல்லாம் கண்டபடி விற்றுப் போய்ப் பல நாடுகளுக்குச் சிதறிவிட்டன. உலகம் பூராவும் சில பைத்தியங்கள் அந்த இணையப் பக்கத்தில் பழைய போட்டோக்களை வைத்துக்கொண்டு எது வெள்ளோட்டக் கார், எது கடையில் விற்ற கார் என்று கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். புதுச்சேரி வாடிக்கையாளர் ஒருவரின் ஆல்பத்தைச் சீர்செய்யப் போய் நானும் அந்தப் பைத்தியங்களில் ஒருத்தியானேன். விளக்கு எந்த இடத்தில், பானெட்டின் காற்றுத் துளை நேராகவா சாய்வாகவா என்று பார்த்துப் பார்த்து என் கண்ணுக்கு அங்கே ஒரு மரியாதை. கள்ளக்குறிச்சியில் அதைத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

விற்ற அவிரோன் எல்லாம் இடது ஸ்டியரிங். வெள்ளோட்டத்தில் மட்டும் இரண்டு காரை வலது ஸ்டியரிங்கில் செய்தார்கள். ஒன்று மியூசியத்தில் இருக்கிறது. இன்னொன்று போன இடமே தெரியாது. உங்கள் போட்டோவில் ஸ்டியரிங் வலது பக்கம், பார்த்ததும் படத்தை இணையத்தில் போட்டுவிட்டேன். புரிகிறதா? கண்டெடுத்த காருக்குப் படத்தில் இருக்கும் ஆளின் பேரை வைப்பது அவர்கள் வழக்கம். அதனால்தான் சுபைர் கார். நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்.

பானெட் துளைகள் கடையில் விற்ற கார் மாதிரி நேராக இருக்கின்றனவே, படத்தை மறுபடி பார்க்க முடியுமா என்று பிரான்சில் லியோனிலிருந்து ஒரு பல் டாக்டர் பணிவாகக் கேட்டார். நெகட்டிவை என் கையால் ஸ்கேன் செய்தேன், உங்கள் கண்ணை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

அத்தா படத்தைப் பெரிதாகப் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார். பள்ளிவாசல் தெருவில் ஒருவரை விடாமல் கூட்டிவந்து காட்டுகிறார். மூக்கு தன் மூக்கு மாதிரியே இருக்கிறதாம். உங்கள் வீட்டில் பட்ட அவமானத்தைக்கூட அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆற்றிக்கொள்கிறார்.

உனக்கு ஒரு பிரதி இத்துடன் வைத்திருக்கிறேன். முடிந்தால் கதவைப் போட்டோ எடுத்து அனுப்பு. அத்தாவுக்குக் கதவு கிடைக்காது, படமாவது கிடைக்கட்டும்.

அத்தியா


கச்சிராயபாளையம்
19 பிப்ரவரி

அன்புள்ள அத்தியாவுக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நான் சொல்வது தப்பாக இருந்தால் என்னைத் திட்டிவிட்டு மறந்துவிடு. தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை.

கோழிக் கூண்டைத் தினமும் திறப்பவள் நான். கதவின் கைப்பிடி என் வலது கைக்கு வரும். கைப்பிடிக்குக் கீழே பிறை மாதிரி ஒரு நசுங்கல். நீ அனுப்பிய பிரதியை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். படத்திலும் அதே கைப்பிடி, அதே நசுங்கல். ஒரே கதவு, சந்தேகமே இல்லை. சந்தோஷப்பட்டு உனக்கு எழுத வந்தேன்.

படத்தில் கைப்பிடி இடது பக்கம் இருக்கிறது அத்தியா. நசுங்கலும் அந்தப் பக்கம்தான்.

என் வலது கை எது என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது. வளையலைப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். உனக்குத் தெரிந்த காரணம் ஏதாவது இருக்கும். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

விஜி


கள்ளக்குறிச்சி
22 பிப்ரவரி

விஜயலட்சுமி,

கதவைக் கோழிக் கூண்டில் மாட்டிய ஆள் உள்பக்கத்தை வெளியே வைத்து மாட்டியிருப்பான். அல்லது தலைகீழாக. அல்லது வேறு கார். உன் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதச் சொன்னாரா என்றும் தெரியவில்லை. பதினாறு வருஷமாக ஸ்டூடியோ நடத்துகிறேன். கோழிக்குத் தீனி போடுகிறவள் எனக்குப் படம் பார்க்கச் சொல்லித்தர வேண்டாம்.

அத்தியா


கச்சிராயபாளையம்
26 பிப்ரவரி

அத்தியா,

கைப்பிடி வெளியே இருக்கிறது. கண்ணாடிச் சன்னல் மேலே இருக்கிறது. வெளிப் பக்கத்துப் பச்சை பெயிண்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவருக்கு இது எதுவும் தெரியாது.

அரிசிப் பானையில் இடம் இருக்கிறது. எழுத வேண்டும் என்று தோன்றினால் எழுது.

விஜி


கள்ளக்குறிச்சி
5 மார்ச்

விஜி,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் போய்விட்டது. கோழித் தீனி பற்றி எழுதிய வரியை நினைத்தால் காது சுடுகிறது. மன்னித்துக்கொள் என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

நெகட்டிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். நெகட்டிவில் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். எந்தப் பக்கத்தைக் கீழே வைப்பது என்பது எங்கள் வேலையின் அரிச்சுவடி, மாற்றி வைத்தால் படத்தில் இடம் வலமாகிவிடும். உங்கள் நெகட்டிவ் இரண்டு பக்கமும் பூஞ்சை பிடித்து ஒரே மாதிரி மங்கிக் கிடந்தது. படத்தில் எழுத்து எதுவும் இல்லை, நம்பர் பிளேட்டும் தெரியவில்லை. அதனால் இரண்டு விதமாகவும் ஸ்கேன் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று பார்த்த உடனே நேராகத் தெரிந்தது. மற்றது ஏனோ கோணலாக உறுத்தியது. நேராகத் தெரிந்ததை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட்டேன்.

ஏன் நேராகத் தெரிந்தது என்று இப்போது புரிகிறது. பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அத்தா, பெரியத்தா, மாமுமார் எல்லோரும் இடப்பக்கம் மடித்து உடுத்தித்தான் பார்த்து வளர்ந்திருக்கிறேன். என் கண்ணுக்கு அதுதான் வேட்டி. நானே படத்தைத் திருப்பிப் போட்டேன். திருப்பிப் போட்டதால் வேட்டி இடப்பக்கம் வந்தது. வேட்டி இடப்பக்கம் வந்ததால் அவரைத் தாதா என்றேன். ஸ்டியரிங்கும் அதனால்தான் வலது பக்கம் போனது. நசுங்கல் இருக்கும் உன் கதவு அந்தக் காரின் இடது கதவு. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு. கடையில் விற்ற சாதாரண அவிரோன்தான் அது விஜி.

பல் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு, சுபைர் கார் என்ற பேரை எடுத்துவிடும்படி எழுதினேன். எல்லோர் முன்னாலும்தான் எழுதினேன். அவர் இது யாருக்கும் நடக்கக் கூடியது என்று பதில் போட்டார். திட்டியிருந்தால் தேவலை. இப்போது அந்த இணையப் பக்கத்தைத் திறக்கவே கை வரவில்லை.

அதெல்லாம் போகட்டும். அத்தாவிடம் சொல்லவில்லை. காலையில் நான் ஸ்டூடியோவுக்குக் கிளம்பும்போது அவர் ஹாலில் அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நான் சுவர்ப் பக்கம் பார்க்காமல் செருப்பு மாட்டுகிறேன். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவருக்கு ஒரு தகப்பனைக் கொடுத்துவிட்டு, இல்லை, அது வேறு யாரோ என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லாமல் விட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் ஒரு யோசனை வருகிறது. அந்த யோசனை வருவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வெட்கமாக இருக்கிறது.

நேராகப் போட்ட பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நிற்கிறவர் யார் என்று உன் அத்தையைக் கேள்.

அத்தியா


கச்சிராயபாளையம்
10 மார்ச்

அன்புள்ள அத்தியாவுக்கு,

அத்தையிடம் ஒன்றும் சொல்லாமல் படத்தைக் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். "ஐய, இது எங்க மாமா. நம்ம வூட்டு மனுசனையா யாரோன்னு சொல்லிக்கினு இருந்தோம்?" என்றார்கள். கார் வாங்கிய அரங்கநாதன் தாத்தாதான். அவருக்குத் தோள் ஒரு பக்கம் இறங்கி இருக்குமாம். அந்தப் பக்கம் இப்போதுதான் சரியாக வருகிறதாம்.

நீ மட்டும் வெட்கப்படாதே. பின்னால் தெரிகிற மலையைப் பார். தினமும் துணி காயப்போடும்போது என் கண் முன்னால் நிற்கும் கல்வராயன் மலை அது. அது எந்தப் பக்கம் இறங்கும் என்று எனக்குத் தெரியாமல் போனது. படத்தில் இருக்கும் இடத்தைத் தேடி அத்தா வெள்ளிமலைப் பஸ்ஸில் இரண்டு முறை போய்க் கிடைக்காமல் திரும்பினார் என்று தீபாவளிக்கு அப்புறம் நீ சொன்னாயே. மலையே இடம் வலம் மாறிக் கிடந்தால் எப்படிக் கிடைக்கும்? நானாவது பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இவர் படத்தைப் பார்த்தார். நான் அன்னைக்கே சொன்னேன் இல்ல என்று ஆரம்பித்தார். அத்தை ஒரு பார்வை பார்த்தார்கள். அதோடு எழுந்து மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

அத்தாவிடம் சொல்லிவிடு. எனக்குச் சொல்ல உரிமை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். இங்கே பேரனும் கொள்ளுப் பேரனும் இருக்கிற ஒரு மனிதரை அங்கே வேறு ஒருவர் அத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு இருக்கிறாரே.

விஜி


கள்ளக்குறிச்சி
16 மார்ச்

விஜி,

சொல்லிவிட்டேன். நோன்பு திறந்து, கஞ்சி குடித்து முடித்ததும் சொன்னேன். வேறு நேரம் தைரியம் வராது என்று தோன்றியது.

அவர் கோபப்படவில்லை. எழுந்து போய்ப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துணியை எடுத்துப் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, சுவரிலிருந்து கழற்றினார். "அவங்க வூட்டுப் பெரியவரும்மா. நம்ம வூட்டுல மாட்டிக்கினு இருந்தா அவங்களுக்கு இன்னாத்துக்கு ஆகும்? நானே கொண்டு போய்க் குடுத்துடறேன்" என்றார். நான் போகிறேன் என்றேன். நீ ஆளை மாற்றிச் சொன்னது தப்பும்மா, ஆனால் ஊர் பூராவும் கூட்டிவந்து காட்டியது நான், நான்தான் போக வேண்டும் என்றார். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

நேராகப் போட்ட பிரதியை அந்தச் சட்டத்திலேயே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். நாளைக் காலை வருவார். வாசலோடு கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாராம். சுபாஷ் எதையாவது சொன்னால் இந்த முறை நீ குனியாதே. இதைக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கிறேன்.

இந்தக் கடிதம் அவர் கையில்தான் வரும்.

அத்தியா


கச்சிராயபாளையம்
18 மார்ச்

அன்புள்ள அத்தியாவுக்கு,

நேற்று நடந்ததை நீ அவரிடம் கேட்டிருப்பாய். அவர் சொல்லியிருக்க மாட்டார், அதனால் எழுதுகிறேன்.

கேட்டுக்கு வெளியே செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். நான் ஓடிப் போய் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். வாக்கு போனால் போகிறது என்று வாய் திறந்து பேசினேன். இருக்கட்டும்மா, பஸ்ஸு வந்துடும் என்றார். அதற்குள் அத்தை வந்துவிட்டார்கள். படத்தை அவர்கள் கையில் கொடுத்து, "தப்பா நெனச்சிக்காதீங்க. தெரியாம வச்சிக்கினு இருந்தோம்" என்றார். இவர் திண்டிவனத்திலிருந்து வந்த உர லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

அத்தை சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். சின்னப் பிரதியில் தெரியாதது பெரிதில் தெரிந்தது போல. விரலை வைத்து, "நிக்கிறது எங்க மாமா. அப்போ உள்ள குந்திக்கினு கைய வெளிய வச்சிக்கினு இருக்கிறது யாரு? மாமாவுக்கு வண்டி ஓட்டவே தெரியாதே. பாய்தான் ஓட்டுவாருன்னு மாமாவே சொல்லுவாரு" என்றார்கள்.

உன் அத்தா குனிந்து அந்த முழங்கையைப் பார்த்தார். மடித்துவிட்ட சட்டைக் கை, அதற்குக் கீழே ஒரு முழங்கை. அவ்வளவுதானே இருக்கிறது படத்தில். அப்புறம், "மறுபடி நம்புறதுக்கு வெக்கமா இருக்குதும்மா" என்றார்.

இவர் கோழிக் கூண்டுப் பக்கம் போய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கதவைக் கழற்ற ஆரம்பித்தார். அத்தா போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். கோழிக்கு வெயிலடிக்கும், இருக்கட்டும் தம்பி என்றார். இவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அன்னைக்கி அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்க என்று ஸ்பேனரைப் பார்த்துச் சொன்னார். பிறகு வண்டியில் உட்காரவைத்து பஸ் நிறுத்தம் வரை கொண்டுபோய் விட்டு வந்தார். இரவு சாப்பிடும்போது என்னிடம், அத்தியாவுக்குப் போன் போடேன் என்றார். எனக்கு எழுதியே பழகிவிட்டது.

விஜி


கள்ளக்குறிச்சி
22 மார்ச்

விஜி,

நீ சொன்னது சரி. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த இணையப் பக்கத்தில் படத்துக்குக் கீழே இப்போது என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? அவிரோன், விற்பனைக் கார். நிற்பவர் அரங்கநாதன், கச்சிராயபாளையம். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர், தெரியவில்லை. கடைசி வரியை எழுதும்போது கை வேறு ஒரு பேரை அடிக்கப் போனது. அடிக்கவில்லை. தெரிந்ததை மட்டும் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன். அத்தாவிடம் படித்துக் காட்டினேன். அப்படியே இருக்கட்டும் என்றார்.

ஆனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் திரும்பி வரும் நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டில் நின்றேன். என்ன அவமானம் பட்டுவிட்டு வருகிறாரோ என்று வருகிற பஸ் ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். கச்சிராயபாளையம் பஸ் வளைந்து உள்ளே வந்தது. சன்னல் கம்பியில் வெயில் அடித்து யார் முகமும் தெரியவில்லை. ஒரே ஒரு சன்னலில் மட்டும் ஒரு முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "பெரியவரே, கைய உள்ள எடுங்க, எத்தினி தபா சொல்றது" என்று கண்டக்டர் கத்திக்கொண்டே வந்தார். கை உள்ளே போகவில்லை. பஸ் நின்ற பிறகுதான் அது அத்தாவின் கை என்று பார்த்தேன். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

சின்னப் பிள்ளையா நீங்கள் என்று நானும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். உன் கடிதம் வரும் வரை எனக்கு அது விளங்கவில்லை.

அத்தியா